இட்லி இறங்காத நாட்கள்

எடை குறைப்பதற்காக இரைப்பையில் செய்த அறுவை சிகிச்சை முடிந்த ஐம்பத்தைந்தாம் நாள், அதாவது 2024 ஏப்ரல் 15ஆம் தேதி திங்கட்கிழமை காலையில், ராயபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் அமர்ந்து ஓர் இட்லியை நான் சாப்பிடத் தொடங்கினேன். முந்தைய நாள் தமிழ்ப் புத்தாண்டு. வீட்டில் எல்லோரும் வடை, பாயசம் என்று சாப்பிட்டபோது நான் குழைத்த பருப்புச் சோறு நான்கு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன். மசித்த உணவின் காலம் முடிந்து, மறுநாளிலிருந்து கெட்டி உணவு உண்ணலாம் என்று மருத்துவமனையில் கொடுத்த தாளில் எழுதியிருந்தது. அந்த முதல் கெட்டி உணவாக நான் இட்லியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய யோசனை எதுவும் காரணமில்லை. காய்ச்சல் வந்தவருக்கும், பல் விழுந்த தாத்தாவுக்கும், பல் முளைக்காத குழந்தைக்கும் நாம் கொடுப்பது இட்லிதானே.

உணவோடு தண்ணீர் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், சாம்பார் ஊற்றாமல், லேசாக இட்லிப் பொடி தொட்டு, மூன்று வாய் சாப்பிட்டேன். மூன்றாவது வாய் உள்ளே போன சில நொடிகளில் நெஞ்செலும்புக்குப் பின்னால், நடுவில், யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் ஒரு வலி வந்தது. ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், ஏப்பம் வரவில்லை. வாயில் உமிழ்நீர் ஊறத் தொடங்கி, விழுங்க விழுங்க மேலும் ஊறி, சிறிது நேரத்தில் விழுங்கவே முடியாமல் போனது. எழுந்து தொட்டிக்குப் போய்க் குனிந்தபோது வந்தது வாந்தி அல்ல. முட்டையின் வெள்ளைக்கருவை அடித்ததுபோன்ற வழவழப்பான நுரை. அடைத்துக்கொண்ட உணவைக் கீழே தள்ளுவதற்காக உணவுக்குழாயும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சேர்ந்து செய்கிற வேலை அது என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் பயம் ஒன்றுதான். நாற்பது நிமிடங்கள் கழித்து இட்லி எந்தப் பக்கம் போனதென்று தெரியாமலே வலி அடங்கியது. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இட்லி கூடவா எறங்கல?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்தது கேலியா கவலையா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

எனக்கு வயது 43. உயரம் 154 சென்டிமீட்டர். அறுவை சிகிச்சைக்குச் சென்ற நாளில் எடை 112 கிலோ. உடல் நிறை எண் 47 என்று கணக்கிட்டார்கள். நம்மவர்களுக்கு 25ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள் என்பதைச் சொன்னால் என் நிலை புரியும். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம், இரவில் மூச்சுத் திணறிக் குறட்டை. பேலியோ, கொள்ளுக் கஞ்சி, கடற்கரை நடைப்பயிற்சி எல்லாவற்றையும் தொடங்கி, எல்லாவற்றையும் விட்டவள் நான். அந்த வரலாற்றை எழுதினால் அது தனிப் புலம்பலாகிவிடும்.

எனக்குச் செய்தது ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி. இரைப்பையின் வெளிப்புற வளைவை ஒட்டிய ஏறத்தாழ முக்கால் பங்குக்கும் சற்று மேலான பகுதியை வெட்டி வெளியே எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாய்போல் தைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு உள்ளே கொள்வது ஏறக்குறைய 100 முதல் 150 மில்லிலிட்டர். நம் வீட்டுக் காப்பி டம்ளரைவிட அதிகம் இல்லை. அளவு குறைவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்குப் புரியாமல் இருந்தது வேறொன்று. வெட்டியெடுக்கப்படும் மேல்பகுதிதான் உணவு வரும்போது தளர்ந்து விரிந்து இடம் கொடுக்கும் பகுதி. அது போன பிறகு எஞ்சியிருக்கும் குழாய் விரிந்து கொடுப்பதில்லை. ஒரு வாய் அதிகமானாலும், ஒரு கவளம் பெரிதானாலும், உள்ளே அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அந்த அழுத்தம் நேராக நெஞ்சுக்கு வருகிறது. பழைய வயிறு பொறுத்துக்கொண்டு போன தவறுகளை இந்த வயிறு அந்த நிமிடமே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது.

அந்த மேல்பகுதியில்தான் கிரெலின் என்னும் பசி ஹார்மோனின் பெரும்பகுதி சுரக்கிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஹார்மோன் அது. சுரக்கும் இடமே போய்விடுவதால் முதல் சில மாதங்களுக்குப் பசி என்பது ஏறக்குறைய இல்லாமலே போகிறது. ஆகவே பசியோடு போராட வேண்டியிருக்கும் என்று என்னைப் பயமுறுத்தியவர்கள் யாரும் சரியாகச் சொல்லவில்லை. பசிக்காத ஒருத்தி, விழுங்கப் பயப்படும் ஒருத்தி, தினமும் 60 கிராம் புரதத்தை எப்படியாவது உள்ளே அனுப்பியாக வேண்டும் என்பதுதான் உண்மையான போராட்டம்.

திரவ உணவின் நாட்கள் எனக்குச் சுலபமாகவே கழிந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரம் இளநீர், வடிகட்டிய சூப், மோர், புரதப் பொடி கலந்த பால். எல்லாம் ஒரு மருந்து மூடி அளவு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. அடுத்த வாரங்களில் மிக்சியில் அரைத்த பருப்பு, மசித்த காய்கறி, தயிர், கரைத்த இட்லி. அந்த ஏழு வாரத்தில் 15 கிலோ குறைந்து 97க்கு வந்தேன். பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். நானும் இது இவ்வளவுதான் போலும் என்று நினைத்திருந்தேன். ஏழு வாரமாக என் பற்களுக்கு ஒரு வேலையும் இல்லை என்பதையோ, அதற்கும் முன்பு நாற்பது ஆண்டுகளாகவும் அவற்றுக்குப் பெரிய வேலை இருக்கவில்லை என்பதையோ நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இட்லி அடைத்த அன்று மாலையே நான் கஞ்சிக்குத் திரும்பினேன். ஒரு நாள் மட்டும் என்று தொடங்கியது மூன்று வாரம் நீண்டது. இடையில் இரண்டு முறை தைரியம் வரவழைத்துக்கொண்டு முயன்றேன். ஒரு முறை கோழியின் நெஞ்சுக்கறி ஒரு துண்டு, இன்னொரு முறை சப்பாத்தியின் ஓரம். இரண்டும் அதே இடத்தில், அதே கட்டைவிரலாக வந்து நின்றன. அதன் பிறகு தட்டைப் பார்த்தாலே தொண்டை இறுகியது. கெட்டி உணவைத் தவிர்த்தால் வலி இல்லை என்ற ஒரே பாடத்தை உடம்பு மிக வேகமாகக் கற்றுக்கொண்டது.

சுலபமாக இறங்கும் உணவுகள் எவை என்பதையும் அது கற்றுக்கொண்டது. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தால் தடையே இல்லாமல் போகிறது. வர்க்கியும் அப்படியே. முறுக்கு, சிப்ஸ் போன்றவை கடினமாகத் தெரிந்தாலும் வாயில் பொடியாகி, மாவாகி, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. ஐஸ்கிரீம் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை எதுவும் வயிற்றில் தங்குவதில்லை. தங்காததால் நிறைவு வருவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கை டப்பாவுக்குப் போகிறது. அந்த மூன்று வாரத்தில் என் எடை அரை கிலோ மட்டுமே குறைந்தது. ஆனால் படியேறினால் மூச்சு வாங்கியது, இரவில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது, தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. பெரிய அறுவை சிகிச்சைக்கு மூன்று நான்கு மாதம் கழித்து முடி கொட்டுவது வழக்கம்தான் என்றும், புரதம் குறைந்தால் அது இன்னும் கூடும் என்றும் மருத்துவர் பின்னர் விளக்கினார். அரிசிக் கஞ்சியையும் பிஸ்கட்டையும் நம்பியிருந்தவளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் புரதமாவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

மருத்துவமனையில் கொடுத்த தாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மருத்துவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை, தாளின்மீது உண்டு. மசித்த உருளைக்கிழங்கு, காட்டேஜ் சீஸ், டூனா, கிரேக்கத் தயிர், தோல் நீக்கிய வான்கோழி என்று அதில் இருந்தது. காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் குடியிருக்கும் ஒருத்திக்கு டின்னில் அடைத்த மீனைப் பரிந்துரைத்த அந்தத் தாளில், சோறு என்ற சொல்லே இல்லை. கெட்டி உணவு என்றால் எது, குழம்பு ஊற்றிய சோறு கெட்டியா திரவமா, ரசம் குடிக்கும் பொருளா உண்ணும் பொருளா என்று எனக்கு எழுந்த கேள்வி எதற்கும் அதில் விடை இல்லை.

மே மாதம் முதல் வாரத்தில் பரிசோதனைக்குச் சென்றபோது நடந்ததைச் சொன்னேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, தண்ணீர் இறங்குகிறதா என்பது. இறங்குகிறது என்றேன். தண்ணீரே தங்காமல் ஒரு நாள் முழுவதும் வாந்தி நீடித்தால் அந்த நாளே வந்திருக்க வேண்டும் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னார். தொடர்ந்த வாந்தியால் தயமின் என்னும் பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும், அப்போது பாதிக்கப்படுவது வயிறு அல்ல, மூளையும் நரம்புகளும் என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அன்றே அதற்கான ஊசியும் போட்டார்கள். பிறகு வாய்வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்தார்கள். இரைப்பைக் குழாய் நடுவில் வளையும் இடத்தில் சிலருக்குத் தழும்பு இறுகி வழி குறுகிவிடும். அப்படியிருந்தால் பலூனை உள்ளே செலுத்தி விரிவாக்க வேண்டியிருக்கும். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. சுண்டுவிரல் தடிமனுள்ள அந்தக் கேமராக் குழாய் எங்கும் இடிக்காமல் போய்வந்தது. வழி திறந்திருக்கிறது என்று கேட்டபோது மகிழ்ச்சியைவிட அவமானமே முதலில் வந்தது. குறை என்னிடம் என்றல்லவா ஆகிறது.

அடுத்த அறையில் இருந்த உணவியல் நிபுணர், என் மகள் வயதுள்ள பெண், தாள் எதையும் எடுக்கவில்லை. "நாளைக்கு உங்க வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு வாங்கம்மா, என் முன்னாடி சாப்பிடுங்க," என்றார். மறுநாள் அம்மா கொடுத்த பருப்புச் சோறும் ஒரு வேகவைத்த முட்டையும் எடுத்துப் போனேன். நான் ஐந்தாவது வாயை எடுக்கும்போது அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு கவளத்தை நான்கு முறை மென்றேன் என்றும், முதல் கவளத்துக்கும் ஐந்தாவது கவளத்துக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்றும் சொன்னார். நான் மிக மெதுவாகச் சாப்பிட்டதாக உண்மையாகவே நம்பியிருந்தேன்.

அதன் பிறகு சில நாட்கள் நான் மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாம் சோற்றை மெல்வதில்லை. குழம்பை ஊற்றிப் பிசைந்து, உருட்டி, வாயில் இட்டு, நாக்கால் ஒரு புரட்டுப் புரட்டி விழுங்குகிறோம். ரசச் சோற்றை அதைவிட வேகமாக, குடிக்காத குறையாக உள்ளே அனுப்புகிறோம். மோர்ச் சோறும் பழைய சோறும் கேட்கவே வேண்டாம். பல் செய்ய வேண்டிய வேலையை நம் வீடுகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும் மத்தும் முன்பே செய்து முடித்துவிட்டன. இன்று அவற்றின் இடத்தில் மிக்சியும் கிரைண்டரும் இருக்கின்றன. கீரையைக் கடைகிறோம், பருப்பை மசிக்கிறோம், தேங்காயை அரைக்கிறோம், அரிசியை அரைத்து ஆவியில் வேகவைக்கிறோம். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று பழமொழி சொல்லிக்கொண்டே, நொறுக்க ஒன்றும் மிச்சம் வைக்காத சமையலைச் செய்கிறோம். இதில் தவறேதும் இல்லை. முழு இரைப்பை இருப்பவருக்கு இது மிக நல்ல சமையல். இரைப்பையின் கீழ்ப்பகுதி உணவை அரைத்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் துகளாக்கிய பிறகே குடலுக்கு விடும். பெரிய பை இருக்கும்போது மெல்லாத கவளங்கள் அதில் காத்துக்கிடக்க இடம் இருக்கிறது. குழாயில் அந்த இடம் இல்லை.

இட்லியின் மர்மமும் அப்போது விளங்கியது. ஏற்கெனவே அரைத்த மாவால் ஆன இட்லியை உலர்ந்த நிலையில் நான்கு கடி கடித்தால் அது நொறுங்குவதில்லை. எச்சிலோடு சேர்ந்து மீண்டும் மாவாகி உருண்டையாகிறது. ரொட்டியும் சப்பாத்தியும் அதே வேலையைச் செய்கின்றன. நான் சாம்பாரைத் தவிர்த்ததும் தவறான புரிதல்தான். தண்ணீரும் உணவும் சேரக் கூடாது என்றால், உணவுக்கு அரை மணி நேரம் முன்னும் பின்னும் டம்ளர் டம்ளராகக் குடிக்கக் கூடாது என்று பொருள். உணவு வறண்டிருக்க வேண்டும் என்று பொருள் அல்ல. ஒரு தேக்கரண்டிக் குழம்பில் ஊறிய கவளத்துக்கும், குழம்பில் மிதக்கும் கவளத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பெண் தன் கையாலேயே பிசைந்து காட்டினார். தாளில் எழுத முடியாதது அது.

அந்தப் பெண் இன்னொன்றும் கேட்டார்: உங்கள் வீட்டில் எது நன்றாகக் கிடைக்கும்? மீன் என்றேன். அப்புறம் என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஆனால் அது மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நான் இட்லியில் தோற்ற அதே நாளில்தான் அந்த ஆண்டின் தடை தொடங்கியிருந்தது. காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்க, வஞ்சிரத்தின் விலை கேட்கும்படியாக இல்லை. கரையோரமாகப் போய்வரும் ஃபைபர் படகுகளில் வரும் சிறிய மீன்கள்தான் கிடைக்கும். காசிமேட்டில் பிறந்து வளர்ந்த என் அம்மாவுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. வெட்டிய வயிற்றுக்குப் பெரிய மீன் எதற்கு என்று சொல்லிவிட்டு, விடிவதற்குள் போய்க் கிழங்கான் வாங்கி வந்தார். கிழங்கான் மீனின் சதை மிருதுவானது, எண்ணெய்ப் பசை குறைந்தது. புளியும் காரமும் குறைத்து, மஞ்சளும் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைப்பதுபோல் ஒரு குழம்பு வைத்தார். என் மகன் பிறந்தபோது பால்சுறாப் புட்டு செய்துகொடுத்த அதே கைதான். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பத்தியத்துக்கு அதே வீட்டில் நான் மீண்டும் உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் அம்மா முள் எடுத்துக் கொடுத்த சதை, சுண்டைக்காய் அளவு ஒரு துண்டு. மகனின் சிறுவயதுக் கரண்டியால் எடுத்து, இருபத்தைந்து முறை மென்று, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருந்தேன். வலி வரவில்லை. இரண்டாவது துண்டுக்கும் வரவில்லை. எட்டாவது துண்டில் மூக்கின் நுனியில் நீர் துளிர்த்தது. அது என் புதிய வயிறு நிறைந்ததற்கான அடையாளம் என்று பின்னர் பழகிவிட்டது. சிலருக்குத் தும்மல், சிலருக்கு விக்கல் வருமாம். அந்த அடையாளத்துக்குப் பிறகு ஒரு வாய்கூட அதிகம் வைக்கக் கூடாது. தட்டில் மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்ந்தவளுக்கு, அந்த ஒன்பதாவது துண்டை விடுவது மெல்வதைவிடக் கடினமாக இருந்தது.

அந்த மே, ஜூன் மாதங்கள் முழுவதும் என் பரிசோதனைக்கூடம் எங்கள் சமையலறைதான். முட்டையை வேகவைத்தால் மஞ்சள்கரு நெஞ்சில் நின்றது. கொஞ்சம் பால் சேர்த்துப் பொடிமாஸாகக் கிளறினால் போனது. சுறாப் புட்டு முதல் முறை உதிரியாக இருந்ததால் தயங்கி நின்றது; அம்மா அதன்மேல் இரண்டு கரண்டி மீன் குழம்பைத் தெளித்ததும் இறங்கியது. பன்னீரை மசாலாவில் நன்கு ஊறவைத்தால் சாப்பிட முடிந்தது. முருங்கைக்காய், கீரைத் தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகிய நார்ப்பொருட்கள் இன்றும் ஒத்துவருவதில்லை. புரோட்டாவின் பெயரைக் கேட்டாலே நெஞ்சு எச்சரிக்கிறது. ஒரு நாள் ஒத்துக்கொண்ட உணவு மறுநாள் ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. காலையில் குழாய் இறுக்கமாகவும் மாலையில் தளர்வாகவும் இருப்பதாக எனக்குத் தோன்றும். ஒரு வாரம் ஒத்துக்கொள்ளாததை அடுத்த வாரம் மீண்டும் முயல வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் கட்டளை. பயந்து ஒதுக்கிய உணவுகளின் பட்டியல் தானாக நீண்டுவிடும் என்பார்.

தட்டின் வரிசையும் மாறியது. முதலில் மீனோ முட்டையோ, அடுத்து காய், இடமிருந்தால் கடைசியில் இரண்டு கரண்டி சோறு. நம் பேச்சில் சாப்பாடு என்றாலே சோறுதான். அதை ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் பொருளாகவும், தொட்டுக்கொண்டதை உணவாகவும் மாற்றிக்கொள்ள எனக்குப் பல வாரங்கள் ஆயின. அம்மாவுக்கு இன்னும் ஆகவில்லை. நூறு கிராம் மீனும் காயும் சாப்பிட்டு எழுந்தாலும், "சோறு துன்னியா?" என்றுதான் கேட்பார். இல்லை என்றால், அப்படியானால் இன்னும் நான் சாப்பிடவில்லை என்றுதான் அவர் கணக்கில் பொருள்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். மதிய உணவுக்கு அரை மணி நேரம். ஆறு பெண்கள் வட்டமாக அமர்ந்து டப்பாக்களைப் பங்கிட்டுச் சாப்பிடுவது பத்தாண்டு வழக்கம். அங்கேதான் என் வேகம் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டேன். வாடிக்கையாளர் கூட்டம் சேரும் முன் முடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் பத்து நிமிடத்தில் கை கழுவிவிடுகிறோம். நான் நான்காவது துண்டை மென்றுகொண்டிருக்கும்போது மற்றவர்கள் டப்பாவைக் கழுவி வந்துவிடுவார்கள். எதிரே யாராவது காத்திருந்தால் என் கை தானாக வேகமெடுக்கும், வேகமெடுத்தால் அடைக்கும், அடைத்தால் கழிப்பறைக்கு ஓட வேண்டும். இரண்டு முறை அப்படி ஆன பிறகு, முதலாளியிடம் கேட்டு, என் உணவை ஒன்றரை மணிக்கும் நான்கு மணிக்குமாகப் பிரித்துக்கொண்டேன். "அக்கா, எங்க சாப்பாடு புடிக்கலையா?" என்று சிறியவள் ஒருத்தி கேட்டது சற்று வலித்தது. இப்போது அவளே பேசிக்கொண்டு என் எதிரில் அமர்ந்திருக்கிறாள். என் டப்பா தீரும்வரை அவள் கதையும் தீராது.

ஜூன் மாதம் திருவொற்றியூரில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம். இலை போட்டவுடன் பரிமாறுபவர் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். போதும் என்று நான் சொல்வதற்குள் சோற்று மலை எழுந்துவிட்டது. கூட்டில் இரண்டு வாய், பருப்பில் இரண்டு வாய் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையிலிருந்து ஓர் அத்தை, "இவ்ளோ காசு குடுத்து வயித்த அறுத்துக்கினு, கல்யாண வீட்ல பட்டினி கெடக்கணுமா?" என்று பந்தி முழுவதும் கேட்கும்படி கேட்டார். கிரெலினைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு இலையை மடித்தேன்.

பசி இல்லை என்றேன். ஆசை இல்லை என்று சொல்லவில்லை. மாலையில் பாரிமுனைப் பக்கம் போக நேர்ந்தால், பர்மாவிலிருந்து திரும்பிவந்தவர்கள் இங்கே கொண்டுவந்த அத்தோ என்னும் நூடுல்ஸ் விற்கும் கடையின் புளியும் வறுத்த வெங்காயமும் கலந்த வாசனை, வெட்டியெடுத்த முக்கால் வயிற்றையும் திரும்பக் கேட்க வைக்கும். நூடுல்ஸ் எனக்கு உருண்டையாகி நிற்கும் பண்டம். வாழைத்தண்டு சூப்பில் தண்டை நீக்கிவிட்டு நான்கு மிடறு குடித்தேன். அது வழுக்கிக்கொண்டு போனது. ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்களில் ஊற்றிய கூழும் அப்படித்தான். கூழ் எனக்கு அடைக்காது. அதனால்தான் அதனிடம் எனக்குப் பயம். ஒரு கரண்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக் குடித்துவிட்டு, மீதியை மகனிடம் கொடுத்தேன்.

தடைக்காலம் முடிந்த வாரத்தில் அம்மா சொல்லாமலே ஒரு துண்டு வஞ்சிரம் வாங்கி வந்து குழம்பில் போட்டார். சதை அழுத்தமான மீன் என்பதால் கிழங்கானைவிட இருமடங்கு நேரம் மென்றேன். உள்ளங்கையில் பாதி அளவு, முப்பது நிமிடம். அதன் பிறகு என் எடை மீண்டும் இறங்கத் தொடங்கியது. இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் பி12 ஊசியும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். சர்க்கரை மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றாகி, பின்னர் நின்றது. அக்டோபர் முடிவில் எடை 81 கிலோ.

அக்டோபர் 31ஆம் தேதி தீபாவளி. எங்கள் வீட்டில் தீபாவளிக் காலை என்றால் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். கறித் துண்டு எனக்கு ஒத்துவராது என்பதால் எனக்கென்று தனியாகக் கொத்துக்கறி வாங்கி, வெங்காயத்தோடு குழையக் குழைய வேகவைத்திருந்தார் அம்மா. அதை முதலில் சாப்பிட்டு முடித்தேன். பிறகு அவர் ஓர் இட்லியை எடுத்துக் குழந்தைக்குச் செய்வதுபோல் நான்காகப் பிய்த்து, கால் பங்கை மட்டும் குழம்பில் தொட்டு என் தட்டில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிள்ளிக் கிள்ளி, ஏழு வாயில், பதினைந்து நிமிடத்தில் அந்தக் கால் இட்லியைச் சாப்பிட்டேன். பாதியில் நெஞ்சில் லேசாக ஓர் அழுத்தம் வந்தது, கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன், போய்விட்டது. தெருவில் சரவெடி ஓய்ந்தபோது மீதி முக்கால் இட்லியை மகனிடம் நீட்டினேன். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டு, அதை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி, சாயங்காலம் நான் சாப்பிடுவதற்கென்று அடுப்பு மேடையில் எடுத்துவைத்தார்.